மாலை போட்ட குழாய்க்குத் தலையாட்டினேன்

நடந்து முடிந்த வார்டு எலெக்‌ஷனில் என் மூக்கும் நின்றது.

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒரு கவுன்சிலரின் பதவியும் நான்கு சந்து ஜனங்களின் வயிறும் ஒரு காலை வேளையில் என் மூக்கு நுனிக்கு வந்து நின்றன. நான் என்ன செய்தேன்? எல்லாரும் பார்க்கிறார்களே என்று தலையாட்டிவிட்டேன்.

இதைச் சொல்லாமல் வேறு எதையாவது எழுதலாம் என்று இரண்டு வாரம் பார்த்தேன். பேனா ஓடவில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை... கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறேன். முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றவள். படிப்பு ஐந்தாவது. பேச்சு அதைவிடக் கம்மி. கூவி விற்பதற்குக் கூட எனக்குக் கூச்சம். ஏதோ மீன் நல்ல மீனாக இருந்ததால் வியாபாரம் நடந்தது.

மீன்காரிக்குக் கண்ணைவிட மூக்குதான் முக்கியம். செவுளைத் தூக்கி ஒருமுறை மோந்தால் போதும் — இன்று காலை போட்டில் வந்ததா, இரண்டு நாள் ஐஸில் கிடந்ததா என்று சொல்லிவிடுவேன். கூடையை இறக்கி வைத்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. மூக்குக்கு மட்டும் ரிட்டயர்மென்ட் கிடைக்கவில்லை. சந்துக்காரர்கள் அதைத் தண்ணீர் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்துக் குழாயில் முதலில் காற்று வரும். அப்புறம் செம்மண் கலரில் கொஞ்சம். அப்புறம் தெளிவாக வரும். தெளிவாக வருவதெல்லாம் நல்ல தண்ணீரா? பைப் பழசு. பக்கத்திலேயே சாக்கடை பைப், அதுவும் பழசு. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இரண்டும் எப்போது ஒன்றுகலக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் எங்கள் சந்தில் ஒரு வழக்கம். முதல் குடத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். என் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். நான் குனிந்து மோந்து பார்ப்பேன். தலையை மேலும் கீழும் ஆட்டினால் வரிசை நகரும். பக்கவாட்டில் ஆட்டினால் குடத்தைக் கவிழ்த்துவிட்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பார்கள். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எனக்குத் தோதான உத்தியோகம்.

இனி கஸ்தூரியைச் சொல்ல வேண்டும்.

கஸ்தூரி எங்கள் வார்டு கவுன்சிலர். பக்கத்துச் சந்துப் பெண். அவள் அம்மாவும் நானும் ஒரே ஏலத்தில் மீன் எடுத்தவர்கள். அதனால் கவுன்சிலர் ஆன பிறகும் எனக்கு அவள் ‘அவர்’ ஆகவில்லை, மன்னிக்கவும். என்ன கட்சி, என்ன சின்னம் என்று எழுதக் கூடாது என ஆசிரியர் சொல்லியிருக்கிறார். எழுதவில்லை. எதிர்த்து நின்றவரும் பெண்தான். டியூஷன் எடுக்கிறவர், நல்ல மாதிரி. அவரைப் பற்றியும் குறையாக எழுத எனக்கு ஒன்றுமில்லை.

ஐந்து வருஷத்தில் கஸ்தூரி என்ன செய்தாள்? சந்துக்கு விளக்கு வந்தது. மழைநீர்க் கால்வாய்க்கு மூடி வந்தது. மூடி உடைந்தது. மறுபடி வந்தது. வியாழக்கிழமைதோறும் டாக்டர் வருகிறார்... வியாழக்கிழமை லீவு நாளாக இல்லாவிட்டால். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் ரோட்டை அடைத்து நிற்பதை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது கடவுளின் வார்டிலேயே சேருமோ என்னவோ!

ஆனால், அவள் முதல் தேர்தலில் கொடுத்த பெரிய வாக்குறுதி இதில் எதுவும் இல்லை. எங்கள் சந்துக்கும் பக்கத்து மூன்று சந்துக்கும் புதுக் குடிநீர் பைப். அதற்கு அவள் மண்டல ஆபீஸுக்கு நடந்த நடையில் நான்கு ஜோடி செருப்பு போனது என்பாள். பைப் வந்தது. பள்ளம் தோண்டினார்கள். தோண்டிய பள்ளத்தை மூட எட்டு மாசம். அதற்குள் அதில் ஒரு ஆட்டோ விழுந்தது. ஓர் ஆடு விழுந்தது. ஓட்டுக் கேட்க வந்த கட்சிக்காரர் ஒருவரும் விழுந்தார்.

இந்த நிலைமையில்தான் கஸ்தூரி கை கூப்பிக்கொண்டு எங்கள் சந்துக்குள் வந்தாள். பக்கத்து வீட்டு ஷகிலா வாசலிலேயே மடக்கினாள். ஷகிலாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடவுள் எங்கள் இருவருக்கும் சேர்த்து இரண்டு வாய் கொடுத்தார். இரண்டையும் அவளே வைத்துக்கொண்டாள்.

“இன்னா கஸ்தூரி... பள்ளத்துக்கு ஓட்டு கேக்குறியா, பைப்புக்கு ஓட்டு கேக்குறியா?”

“பைப்புக்குத்தான் ஷகிலாக்கா. எலெக்‌ஷனுக்கு முன்ன தண்ணி வுட்ருவாங்க.”

“போன மாசமும் இதான் சொன்னே.”

“போன மாசம் இஞ்சினியரு சொன்னாரு, நா சொன்னேன். இந்த மாசம் நானே போயி குந்திக்கினு கீறேன்.”

“சரி. தண்ணி வரட்டும். யக்கா மோந்து பாக்கட்டும். அப்பாலதான் ஓட்டு.”

சந்தே கைதட்டியது. கஸ்தூரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டேன். என் மூக்கு வேட்பாளர் ஆனது இப்படித்தான்.

வாக்குப்பதிவுக்கு ஆறு நாள் இருக்கும்போது தண்ணீர் விட்டார்கள்.

தேர்தல் விதிப்படி திறப்பு விழா நடத்தக் கூடாதாம். அதனால் திறப்பு விழா நடக்கவில்லை. புதுக் குழாய்க்கு மஞ்சள், குங்குமம் மட்டும் வைத்தார்கள். ஆளுயர மாலை ஒன்று மட்டும் போட்டார்கள். சூடம் காட்டினார்கள், ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்திக் குழாயடிச் சிமென்ட் இடுக்கில் செருகினார்கள், தேங்காய் உடைத்தார்கள். ஒருவர் சாம்பிராணிச் சட்டியோடு சந்து முழுக்க ஒரு சுற்று வந்தார். இதற்கெல்லாம் தலைமை பார்த்திபன். கஸ்தூரியின் எலெக்‌ஷன் வேலையைப் பார்க்கக் கட்சியில் வேறு ஏரியாவிலிருந்து அனுப்பி வைத்தவர். ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிற மனிதர். கண் இரண்டும் கோவைப்பழமாக இருக்கும்.

எங்கள் ஊரில் புதுசாக எது வந்தாலும் பூஜை போட்டுவிடுவோம் இல்லையா? புதுப் போட்டுக்கும் போடுவோம், புது ஆட்டோவுக்கும் போடுவோம். குழாய்க்குப் போட்டதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஷகிலாவே தன் வீட்டுப் பன்னீர்ச் செம்பைக் கொண்டுவந்து எல்லார் தலையிலும் தெளித்தாள். “நல்லது நடக்குது, நம்ம வூட்டு வாசனையும் இருக்கட்டுமே” என்றாள்.

அதோடு விட்டார்களா? என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நெற்றியிலும் கன்னத்திலும் சந்தனம் பூசினார்கள். கழுத்தில் மல்லிகைச் சரம் போட்டார்கள். குழாயைத் திறந்தார்கள். காற்று வந்தது, செம்மண் வந்தது, தெளிவாக வந்தது. முதல் குடத்தை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்திபன் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். அவர் பின்னால் இன்னும் பத்து செல்போன்.

“ஆயா, நல்லா குனிஞ்சி மோந்து பாரு. அப்பால கேமராவப் பாத்து ஆட்டு.”

குனிந்தேன். மல்லிகை வந்தது. சந்தனம் வந்தது. சாம்பிராணி, சூடம், ஊதுபத்தி, பன்னீர்... எல்லாம் வந்தன. தண்ணீர் மட்டும் வரவில்லை. இத்தனை வாசனைக்கு நடுவே என் மூக்கு, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தை மாதிரி நின்றது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘இதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள், எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆறே வார்த்தை. ஆனால் சந்தே என்னைப் பார்க்கிறது. எதிரே கஸ்தூரி நிற்கிறாள் — ஐந்து வருஷ நடையையும் கண்ணில் வைத்துக்கொண்டு. நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. ஆசை பாதி, கூச்சம் பாதி.

மேலும் கீழும் ஆட்டினேன்.

விசில் பறந்தது. பட்டாசு வெடித்தார்கள். ஷகிலா மூன்று குடம் பிடித்தாள். அரை மணி நேரத்தில் நான் தலையாட்டுகிற படம் எல்லாருடைய செல்போனிலும் ஓடியது. ‘மூக்கே சொல்லிடிச்சி!’ என்று அதற்குத் தலைப்பு வேறு. பக்கத்து மூன்று சந்துக்கும் அதே பைப்தான், அதே நேரத்தில்தான் விட்டார்கள். அங்கே மோந்து பார்க்க ஆளில்லை. வீடியோவைப் பார்த்தார்கள், குடத்தை வைத்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்து சந்தனத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பன்னீர்ப் புடவையை மாற்றினேன். கொஞ்சம் படுத்து எழுந்தேன். உலை வைக்கலாம் என்று காலையில் பிடித்த குடத்தின் மூடியைத் திறந்தேன்.

வந்தது.

ரொம்ப மெலிசுதான். கெட்டுப்போன மீன் கத்தும். இது முணுமுணுத்தது. ஆனால் எனக்கு அந்தப் பாஷை தெரியும். கையில் ஊற்றி மோந்தேன். தம்ளரில் ஊற்றி, ஜன்னல் பக்கம் போய் மோந்தேன். சந்தேகமே இல்லை. சாக்கடை கலந்திருக்கிறது.

வெறும் காலோடு ஷகிலா வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது எழுத்துக்கு. என் முழங்காலுக்கு அது ஓட்டம்.

“ஷகிலா, தண்ணி சரியில்ல. கீழ ஊத்திரு.”

அவள் கையில் இருந்த பாத்திரம் அப்படியே நின்றது. “இன்னாக்கா சொல்றே? இப்பத்தான பேரனுக்கு ஒரு தம்ளர் குடுத்தேன்!”

அவள் கையில் இருந்த பாத்திரத்தை வாங்கிக் கவிழ்த்தேன்.

“காலைல இன்னாத்துக்கு ஆட்டுனே?”

“எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க...”

“பாத்தா? எல்லாரும் பாத்தா கெணத்துல குதிப்பியா?” திட்டிக்கொண்டேதான் மூன்று குடத்தையும் வாசலில் கவிழ்த்தாள். கவிழ்த்த கையோடு சந்தின் ஒரு பக்கத்துக் கதவுகளைத் தட்ட ஆரம்பித்தாள். பாதியில் நின்று திரும்பினாள்.

“நம்ம சந்த நா பாத்துக்குறேன். அந்த மூணு சந்துல நா போயி சொன்னா, எதிர்க்கட்சி ஏவி வுட்டுச்சின்னுவாங்க. நேத்துதான் நல்லா சண்ட போட்டேன் அங்க. கஸ்தூரிதான் சொல்லணும். மார்க்கெட்டாண்ட பேசிக்கினு கீறா. நீ போ.”

“நீ வாயேன்...”

“நா இங்க கதவு தட்டுறேன்ல? ஆட்டுனது யாரு? போக்கா!”

போனேன். மார்க்கெட் வாசலில் திறந்த ஜீப்பில் கஸ்தூரி நிற்கிறாள். முன்னால் தாரை தப்பட்டை. சுற்றிலும் கூட்டம், பாதிப் பேர் அந்த நான்கு சந்துக்காரர்கள்தான். கூட்டத்தின் ஓரத்தில் நின்று கையைத் தூக்கினேன். தூக்கினேன் என்றால் தோள் வரைக்கும். அதற்கு மேல் எனக்குக் கை வராது. யார் பார்ப்பார்கள்?

பார்த்திபன் பார்த்துவிட்டார். “யோவ், ஆயா வந்துகீது! வழி வுடு, வழி வுடு!”

எனக்குப் பேச வாய் வருவதற்குள் நான்கு பெண்கள் என்னைத் தூக்கி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பிரசாரத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். கஸ்தூரி என் தோளில் கை போட்டாள். “நம்ம அத்தே! காலைல தண்ணிய மோந்து பாத்து சர்ட்டிபிகேட்டு குடுத்தாங்களே, அவங்கதான்! அத்தே, ரெண்டு வார்த்த பேசு.”

மைக்கை என் கையில் வைத்தாள்.

வாழ்க்கையில் முதல் தடவை மைக் பிடிக்கிறேன். என் மூச்சு ஸ்பீக்கரில் புயல் மாதிரி கேட்டது. கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர், “ஆயா, தும்மிடாத! அதுக்கும் ஓட்டு வுழுந்துரும்!” என்றார்.

மைக்கை முந்தானையில் சுற்றிப் பொத்திக்கொண்டேன். கஸ்தூரியின் காதுக்கு எட்டி, “தண்ணில சாக்கட கலந்துகீது. காலைல எனக்குத் தெரியல. தெரியாமயே ஆட்டிட்டேன்” என்றேன்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. என்னை அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ‘நிச்சயமா?’ என்று கூடக் கேட்கவில்லை. மீன்காரி மகள் அல்லவா?

பார்த்திபன் குனிந்து, “இன்னாவாம்?” என்றார். சொன்னாள்.

“சரி, கம்முனு இரு. இஞ்சினியருக்கு போன் போட்டு வால்வ மூடச் சொல்றேன். ரிப்பேரு வேலன்னு சொல்லிக்கலாம். பொழுதுக்குள்ள சரி பண்ணிடலாம்.”

“புடிச்சி வெச்ச தண்ணி?”

“மெதுவா வூட்டுக்கு வூடு ஆள் அனுப்பி...”

“மெதுவாவா அண்ணே? இன்னிக்கு மத்தியானம் சோறு அதுலதான் வேவப் போவுது.”

“தங்கச்சி, ஆறே நாள் கீது. மைக்குல சொன்னியான்னா முடிஞ்சிச்சி. இத்தினி நாள் வேல அத்தினியும் போச்சி. யோசி.”

அவரைத் திட்டாதீர்கள். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கொடுத்த வேலை ஜெயிக்க வைப்பது. அதைத்தான் அவர் யோசித்தார். அந்த நேரத்தில் ஜீப்பில் நின்ற எங்கள் மூன்று பேரில் தப்புச் செய்தவள் நான் ஒருத்திதான்.

கஸ்தூரி யோசித்தாள். எவ்வளவு நேரம்? தப்பட்டைக்காரர் குச்சியை மாற்றிப் பிடிக்கிற நேரம். என் முந்தானையிலிருந்து மைக்கைப் பிரித்து எடுத்தாள்.

“எல்லாரும் கேளுங்க. இன்னிக்குக் காலைல புதுப் பைப்புல வந்த தண்ணிய யாரும் குடிக்காதீங்க. அதுல சாக்கட கலந்துகீது. சோறு பொங்கியிருந்தா அதையும் கொட்டிருங்க. கொழந்தைங்களுக்கு குடுத்திருந்தா எனக்கு வந்து சொல்லுங்க, டாக்டர இட்டாறேன். அத்தே மேல தப்பில்ல. தண்ணிய டெஸ்ட் பண்ணாம மாலயும் சூடமும் காட்டித் தொறந்து வுட்டது எங்க ஆளுங்க. அதுக்கு நாந்தான் பொறுப்பு.”

தப்பட்டை நின்றுவிட்டது. யாரோ கத்தினார்: “அப்ப ஓட்டு யாருக்கு போட்றதும்மே?”

“அத்த அப்பால பேசிக்கலாம் மாமு. மொதல்ல வூட்டுக்கு ஓடு. கொடத்தக் கவுறு!”

பாதிக் கூட்டம் ஓடியது. கூட்டத்தைக் கூட்டுவதற்கு ஒவ்வொரு கட்சியும் என்னென்னவோ செய்கிறது. கூட்டிய கூட்டத்தை வேட்பாளரே விரட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம்? அரசியல் அரசியல்தானே. அன்று சாயங்காலமே ஒரு ஆட்டோ வார்டு முழுக்கச் சுற்றியது. அதில் கஸ்தூரியின் குரல் மட்டும் திரும்பத் திரும்ப — “புதுப் பைப்புல வந்த தண்ணிய யாரும் குடிக்காதீங்க... யாரும் குடிக்காதீங்க...” அதன் பின்னாலேயே ஒரு வெடிச் சிரிப்பு. அந்த டியூஷன் அம்மாவுக்குத் தெரிந்து நடந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் நடந்ததாகவே நினைத்துக்கொள்கிறேன்.

எதிர்த்து நின்றவர் வீடு வீடாகப் போன அடுத்த இரண்டு நாளும் கஸ்தூரி எங்கள் சந்து முனையில், மறுபடி தோண்டிய பள்ளத்தின் ஓரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். பார்த்திபன் வந்து வந்து கெஞ்சினார். ஒரு சந்துக்காவது போய்க் கும்பிடு போட்டுவிட்டு வா என்றார். அவள் நகரவில்லை. தண்ணி ஆபீஸ் இஞ்சினியர் கூட ஒருமுறை, “நீங்க ஒக்காந்திருந்தா வேல சீக்கிரம் முடியாது மேடம்” என்றார்.

“தெரியும் சார். நா எழுந்து போனா நீங்களும் எழுந்து போயிருவீங்கல்ல?”

இரண்டாம் நாள் மத்தியானம் கசிகிற இடம் கிடைத்தது. தோண்டிய மெஷினின் பல் பட்டுப் பழைய சாக்கடை பைப் ஓரிடத்தில் கீறியிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளிப் புதுப் பைப்பின் ஜாயின்ட், சரியாக இறுக்கப்படாமல். மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். யார் கண்ணுக்குத் தெரியும்? இரண்டையும் மாற்றினார்கள். மருந்து போட்டுக் கழுவினார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடித்து டெஸ்டுக்கும் அனுப்பினார்கள்.

ஷகிலாவின் பேரனுக்கு ஒருநாள் முழுக்க வயிற்றுப்போக்கு. அந்த ஒருநாளும் நான் சாப்பிடவில்லை. அவனுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஷகிலா என்னோடு பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு வேளையும் என் முன்னால் தட்டை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அவன் எழுந்து ஓடி என் முழங்காலில் வந்து முட்டிய பிறகுதான் அவள் வாயும் திறந்தது, என் வாயும் திறந்தது.

வாக்குப்பதிவுக்கு முதல் நாள் காலை மறுபடி தண்ணீர் வந்தது. டெஸ்ட் ரிசல்ட் நல்லபடியாக வந்துவிட்டது என்று இஞ்சினியர் காகிதத்தைக் காட்டினார். சந்துப் பெண்கள் காகிதத்தைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். பிரசாரம் முடிந்துவிட்டதால் கஸ்தூரி வரக் கூடாது, வரவில்லை. செல்போனும் இல்லை. குனிந்து மோந்தேன். மருந்து வாசனை, கொஞ்சம் ரப்பர் வாசனை. தலையாட்டவில்லை. “இன்னொரு கொடம் புடி” என்றேன். வாய் திறந்து சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது குடம், மூன்றாவது குடம், சந்தின் கடைசி வீட்டுக் குழாயிலிருந்து ஒரு குடம். அதற்குப் பிறகுதான் ஆட்டினேன்.

நல்ல தண்ணீர். இன்று வரைக்கும் நல்ல தண்ணீர்.

கஸ்தூரி தோற்றுவிட்டாள்.

கொஞ்சம் ஓட்டில்தான். அந்தக் கொஞ்சம்தான் குத்துகிறது. பள்ளத்தால் போனது என்கிறார் ஒருவர். ஆட்டோவில் ஓடிய குரலால் போனது என்கிறார் இன்னொருவர். அந்த இரண்டு நாள் நாற்காலியை விட்டு எழுந்து நாலு சந்து சுற்றியிருந்தால் ஜெயித்திருப்பாள் என்கிறார் பார்த்திபன். அப்படிச் சொல்லும்போது அந்தச் சிவந்த கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு மட்டும் வேறு கணக்கு. அன்று காலை நான் ‘தெரியல’ என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மோந்திருந்தால், அங்கேயே வால்வை மூடி, அங்கேயே தோண்டியிருப்பார்கள். வீடியோவும் இல்லை, மைக்கும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் நடக்கிற தப்பெல்லாம் கெட்டவர்களாலா நடக்கிறது? கூட்டத்தில் கூச்சப்பட்டுத் தலையாட்டுகிறவர்களால் நடப்பதும் பாதி இருக்கும். கல்யாணப் பேச்சில் ஆட்டுகிறோம். பத்திர ஆபீஸில் ஆட்டுகிறோம். டாக்டர் சொல்வது புரியாவிட்டாலும் ஆட்டுகிறோம். ‘எனக்குத் தெரியல’ என்று சொல்வதற்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. நான் போன ஐந்து வகுப்பிலும் இல்லை, அதற்கு மேல் இருக்கிறதா தெரியவில்லை.

ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் கஸ்தூரி எங்கள் சந்துக்கு நன்றி சொல்ல வந்தாள். தோற்றவர்கள் யார் வருகிறார்கள்? வந்தாள். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. ஷகிலாதான் ஆரம்பித்தாள்.

“வாய மூடிக்கினு இருந்தியான்னா ஜெயிச்சிருப்பே.”

“ஜெயிச்சிருப்பேன்க்கா.”

“அப்பால இன்னாத்துக்கு மைக்கப் புடுங்குனே?”

“ஜெயிச்சிட்டு, அஞ்சு வருசம் இந்தச் சந்துக்குள்ள எப்டி வர்றது? உன் பேரன் மூஞ்ச எப்டிப் பாக்குறது?”

ஷகிலாவுக்கு வாய் அடைத்து நான் பார்த்தது இல்லை. அன்று பார்த்தேன். நான் கஸ்தூரியின் கையைப் பிடித்து, “என்னாலதான்...” என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

“அத்தே, அன்னிக்கு நீ வூட்டுலயே இருந்திருந்தீன்னா யாருக்குத் தெரியும்? அத்தினி கூட்டத்துல வந்து ஜீப்புல ஏறுனியே... நா கவுன்சிலர் ஆனதுக்கு அது பெருசு, போ.”

புதுக் கவுன்சிலர் பொறுப்பேற்றுவிட்டார். மெயின் ரோட்டில் ஆபீஸ் போட்டிருக்கிறார். ஃபேன் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, மரியாதையாகப் பேசுகிறார். நன்றாகச் செய்யட்டும்.

போன திங்கட்கிழமை ஷகிலா பேரனின் பர்த் சர்ட்டிபிகேட்டில் பெயர் திருத்த வேண்டும் என்று என்னையும் துணைக்கு அழைத்தாள். நேரே எங்கே போனாள் தெரியுமா? கஸ்தூரி வீட்டுக்கு! வாசலில் இருந்த ‘மாமன்ற உறுப்பினர்’ போர்டைக் கட்சிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் நான்கு ஓட்டை மட்டும் இருந்தது. அந்த நான்கு ஓட்டைக்குக் கீழே, கையில் காகிதங்களோடு ஒன்பது பெண்கள். கஸ்தூரி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“யம்மா, சொன்னா கேளுங்க. நா இப்ப ஒண்ணியும் இல்ல. புது கவுன்சிலர் ஆபீஸு மெயின் ரோட்டுல கீது.”

“தெரியும்மே. நீ முன்னால நட, நாங்க பின்னால வர்றோம்” என்றாள் முதலில் நின்றவள்.

கஸ்தூரி ஒரு பெருமூச்சு விட்டாள். செருப்பை மாட்டினாள். புதுக் கவுன்சிலர் ஆபீஸுக்கு எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

போர்டைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதுமாக இருந்தது. வரிசையைக் கழற்றத்தான் இன்னும் ஒரு சாமானும் கண்டுபிடிக்கவில்லை.